ஐ7 ஸ்டிக்கர் இருந்தும் ஆமை வேகம் ஏன்?

கேள்வி: என்னிடம் இருப்பது பிராண்டட் டெஸ்க்டாப். கோர் ஐ7-10700, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் விண்டோஸ் நிலைக்கு வரவே நான்கைந்து நிமிடம் ஆகிறது. ராம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ராமை அப்புறம் பார்க்கலாம். முதலில் கவனிக்க வேண்டியது அந்த ஹார்டு டிஸ்க். விண்டோஸ் எழுந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதத்தில் நிற்கும். ஆனால் படிக்கும் வேகமோ பெரும்பாலும் விநாடிக்கு ஓரிரு எம்பிதான். பிராசஸர் அந்த நேரத்தில் சும்மா இருக்கும்.

ஹார்டு டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி விநாடி எடுக்கும். வேண்டிய இடம் ஹெட்டுக்கு, அதாவது தகவலைப் படிக்கும் முனைக்கு, அடியில் வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி. ஹெட் நகர்ந்து சரியான தடத்தைப் பிடிக்க இன்னும் 8, 9. ஆக ஒரு துண்டு தகவலுக்கு 12, 13 மில்லி விநாடி. விநாடிக்குச் சுமார் 80 துண்டு. துண்டுக்கு 4 கேபி என்றால் மொத்தம் 320 கேபிதான். விண்டோஸ் எழும்போது கேட்பதில் பெரும்பகுதி இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளே. சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில், சாதாரண சாட்டா இணைப்பு வகைகூட விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தந்துவிடும். எட்டு கோர் பிராசஸரோடு இப்படியொரு டிஸ்க்கைக் கோத்து விற்பது, வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

மதர்போர்டில் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். அது இன்னும் வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா வகையை மட்டுமா என்பதையும் அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுக்கொண்டு, பழைய டிஸ்க்கைப் படம், வீடியோ சேமிக்க வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை இறுக்கும் குட்டி ஸ்க்ரூ பல பெட்டிகளில் இருக்காது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

பலர் சிக்கிக்கொள்வது இதற்குப் பிறகுதான். பிராண்டட் மெஷின்கள் பலவற்றில் பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும் அடிப்படை செட்டிங்) சாட்டா மோட், அதாவது டிஸ்க்கை அணுகும் முறை, 'ரெய்டு' என்று வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸை இன்ஸ்டால் செய்யப் போனால் புது எஸ்எஸ்டி கண்ணிலேயே படாது. புதிதாக இன்ஸ்டால் செய்வதானால் முதலில் 'ஏஹெச்சிஐ' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓடும் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு மாற்றினால் நீலத் திரைதான் வரும். அதைத் தவிர்க்க, விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் செட்டிங்கில் 'சேஃப் பூட்' தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து, நேராகப் பயாஸுக்குள் போய் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, பிறகு 'சேஃப் பூட்' டிக்கை எடுத்துவிட வேண்டும். பயாஸைத் தொடும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள் போனது போனதுதான்.

கேள்வி: ஐ5-10400 மெஷினில் 8 ஜிபி ராம் ஒன்று இருந்தது. கூடவே 16 ஜிபி, 3200 வேக ராம் போட்டேன். 2666 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. ஐ5-10400 ஏற்கும் உச்சவேகமே டிடிஆர்4-2666. 3200 ராம் அந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை. சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் 1333 என்று காட்டும். அதற்கும் பதற வேண்டாம். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்புவதால், அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் மெஷினில் இருந்த உண்மையான குறை ஒற்றை ராம். ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே தகவல் போகும் பாதைதான் சேனல். ஒரு சேனலில் 2666 வேகம் தருவது விநாடிக்கு 21.3 ஜிபி, இரண்டு சேனல் என்றால் 42.6. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதால், தனி கார்டு இல்லாதவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும். இப்போது 8, 16 எனக் கலந்து போட்டிருப்பதில், ஸ்லாட்டுகள் வெவ்வேறு சேனலில் இருந்தால், 8-க்கு 8 ஜோடி சேர்ந்து முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலில் ஓடும். மிச்சம் 8 மட்டும் ஒற்றையில். நன்றாகவே ஓடும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே ஐ5-10400, 180 வாட் பவர் சப்ளை. 6 பின் பவர் இணைப்பு கேட்கும் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் போட்டால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்; ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். 6 பின் இணைப்போ 75 வாட் வரை இழுக்கலாம். பாரம் கூடினால் முதலில் உருகுவது அந்தச் சின்ன பிளாஸ்டிக் கனெக்டர்தான். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

கணக்கையும் பாருங்கள். ஐ5-10400 டர்போவில், அதாவது தானாக வேகம் கூட்டும்போது, 134 வாட் வரை கேட்கலாம். கார்டு ஸ்லாட்டிலிருந்து மட்டும் 75 வாட் எடுத்தாலே 209 ஆகிவிடுகிறது. கேம் ஆரம்பித்ததும் மெஷின் பட்டென்று அணைவது இதனால்தான். கடைகளில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் சப்ளையை மாட்டலாம் என்றால், பல பிராண்டட் போர்டுகளில் வழக்கமான 24 பின் சாக்கெட் இருக்காது. பெட்டியில் இடமும் பற்றாது. அதே மாடலுக்கு அந்த நிறுவனமே கூடுதல் வாட் சப்ளை தருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 30 வாட்டில் ஓடும் ஜிடி 1030 போன்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதை வாங்கும்போது பெட்டியில் 'ஜிடிடிஆர்5' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடும் ஒரு கார்டு உண்டு. முன்னதன் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி, பின்னது 16.8 மட்டுமே.

கேள்வி: ஐ7-6700 போட்ட மெஷின் கிடைக்கிறது. புதிய ஐ3-12100-ஐ விட ஐ7 மேல்தானே?

பதில்: இல்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் 6 என்பது ஆறாம் தலைமுறை, 2015-இல் வந்தது. 12 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஐ3 தெளிவாக வேகமானது. போதாக்குறைக்கு ஐ7-6700-ஐ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஐ3-யையே வாங்குங்கள், ராம் இரண்டு துண்டாக இருக்கட்டும், விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.