மஞ்சள் எண்ணெய்: நிமிடம் பொருந்தவில்லை என்றால்

ஈரோட்டு மஞ்சள் எண்ணெயில் ஆர்-டர்மரோன் (அந்த எண்ணெயின் முக்கியச் சேர்மங்களில் ஒன்று) எப்போது வரும் என்று கட்டுரையில் பார்த்த நிமிடம் உங்கள் ஜிசி கருவியில் (கலவையின் சேர்மங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே விடும் வாயு நிறப்பகுப்புக் கருவி) பொருந்தவில்லை என்கிறீர்கள். பொருந்தாதுங்க. சேர்மங்களைப் பிரிக்கும் மெல்லிய கேபிலரி குழாயின் நுனியைக் கொஞ்சம் வெட்டினாலே நேரம் நகர்ந்துவிடும்.

நிமிடத்தை விட்டுவிட்டு தக்கவைப்புக் குறியீட்டைப் பிடியுங்கள்; ஆல்கேன்கள் வரும் நேரங்களுக்கு இடையே உங்கள் சேர்மம் எங்கே வருகிறது என்று சொல்லும் எண் அது. அதே வெப்பநிலை ஏற்றத்தில் ஆல்கேன் (நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்) கலவையை ஒருமுறை ஓட்டுங்கள். டிபி-5 வகைக் குழாயில் (உட்பூச்சைக் குறிக்கும் பெயர்) ஆர்-டர்மரோனின் குறியீடு சுமார் 1668. 16 கார்பன் கொண்ட ஆல்கேனுக்கு (சி16) குறியீடு 1600, சி17-க்கு 1700. உங்களுக்கு சி16 24.10 நிமிடத்திலும் சி17 26.00-லும் வந்தால், இடைவெளி 1.90; அதில் 0.68 பங்கைக் கூட்டினால் 25.39. வெப்பநிலை ஏறும் ஓட்டத்துக்கு வான் டென் டூல், கிராட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1963-இல் தந்த கணக்குதான் இது. இந்தக் குறியீட்டை முதலில் தந்த கோவாட்ஸின் மடக்கைச் (லாக்) சூத்திரம் நிலையான வெப்பநிலைக்கு மட்டும்.

அப்புறம் ஒரு தொல்லை: எண்ணெயில் உள்ள இன்னொரு சேர்மமான ஆல்பா-டர்மரோனும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்து நிற்கும். எம்எஸ் (நிறைமாலைமானி) இருந்தால் மூலக்கூறு அயனியின் நிறையைப் பாருங்கள்: ஆர் 216, ஆல்பா 218.