ஊர்ச் சுதந்திர வரலாற்றுக்கு உயிர் கொடுப்பது எப்படி? குமரி மாவட்டக் கேள்விகளும் பதில்களும்

ஆகஸ்ட் 15 நெருங்குவதால் பள்ளிகள், நூலகங்கள், ஊர் மன்றங்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி, வேலுத்தம்பி தளவாய் பற்றி 15 நிமிட நாடகம் போடப் போறோம். பிள்ளைகள் எட்டாம் வகுப்பு. எங்க தொடங்கணும்? (தலக்குளம் பக்கத்து ஆசிரியை)

வேலுத்தம்பி திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தளவாய், அதாவது முதன்மை அமைச்சர். எல்லாரும் அவர் கம்பெனியை எதிர்த்து எழச் சொன்ன குண்டறை விளம்பரத்தில் (பிரகடனத்தில்) தொடங்கி, அவர் உயிர்விட்ட மண்ணடியில் முடிப்பார்கள். நீங்கள் 1805-இல் தொடங்குங்கள். அந்த வருஷம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போட்ட உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டவரே அவர்தான். திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டி வந்தது. பாக்கி ஏறுகிறது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலே நெருக்குகிறார். ஒப்புக்கொண்டவரே எதிர்த்து எழுந்தார் என்பதுதான் நாடகத்தின் முடிச்சு. அதை விட்டால் வெறும் வீரவசனம்தான் மிஞ்சும்.

நாலு காட்சி போதும்: கையெழுத்து, பாக்கிக் கடிதம், 1809 ஜனவரி 11 குண்டறை, பிப்ரவரி 10 ஆரல்வாய்மொழி. குண்டறை கொல்லத்துப் பக்கம். ஆரல்வாய்மொழியோ நம்ம வீட்டு வாசல். கர்னல் செயின்ட் லெஜரின் படை அங்கே கோட்டைச் சுவரைப் பிடித்த பிறகு உதயகிரியும் பத்மநாபபுரமும் நிற்கவில்லை. கடைசிக் காட்சி அங்கேயே முடியட்டும். மண்ணடி மரணத்தை ஒரு பிள்ளை வந்து இரண்டு வரியில் சொன்னால் போதும்.

மேடையில் பிள்ளைகள் நிமிஷத்துக்கு 80 சொல்தான் தெளிவாகப் பேசுவார்கள். ஆக 1,200 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். 1809-இல் மூவர்ணக் கொடியும் வேண்டாம், ‘பாரத மாதா’ முழக்கமும் வேண்டாம். இன்னொன்று, கம்பெனிப் படை என்றதும் எல்லாருக்கும் முகத்தில் வெள்ளை மாவு பூசிவிடுகிறார்கள். வந்த படையில் பெரும்பகுதி சென்னை மாகாணச் சிப்பாய்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். அதை மேடையில் காட்டினால் பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

குளச்சல் போரையும் சுதந்திரப் போராட்டக் கண்காட்சியில வைக்கலாமா?

வைக்கலாம், தலைப்பை மாற்றி. 1741 ஆகஸ்ட் 10-இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தது டச்சுக் கம்பெனியை. ஒரு ராஜ்யம் தன் மிளகு வணிகத்தையும் கரையையும் காத்துக்கொண்ட போர் அது. ‘ஐரோப்பியக் கம்பெனிகளும் நம் கரையும்’ என்று தனிப் பலகை போடுங்கள்.

எங்க வீட்டு ஓலையில வருஷம் ‘௯௱௮௰௪’னு இருக்கு. என்ன கணக்கு? (பூதப்பாண்டி)

எழுத்து எழுத்தாகப் படியுங்கள்: ௯ ஒன்பது, ௱ நூறு, ௮ எட்டு, ௰ பத்து, ௪ நாலு. 984. இது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு, ஆவணியில் பிறக்கும். ஆங்கில வருஷம் கிடைக்க, ஆவணி முதல் மார்கழி நடுவரை 824 கூட்டுங்கள். அதற்குப் பிறகு, அதாவது ஆங்கில ஜனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடிய, 825. குண்டறை விளம்பரம் 984 தை, ஆகவே 1809. கோயில் நுழைவு விளம்பரம் 1112 ஐப்பசி 27. அதற்கு 824 கூட்டினால் 1936, நவம்பர் 12. மாதம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 825 கூட்டுவதுதான் வழக்கமான தப்பு. அதனால் ஒரு வருஷம் தள்ளிப்போன பலகைகள் உண்டு.

அந்த ஓலைகளைச் சுத்தம் பண்ணலாமா? லேமினேட் பண்ணச் சொல்றாங்க.

லேமினேட் கூடவே கூடாது. சூடு ஓலையைச் சுருட்டும். உள்ளே மாட்டிய ஈரம் பூசணமாகும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. தண்ணீர், மண்ணெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

முதலில் இருக்கிறபடியே படம் எடுங்கள். ஃபிளாஷ் அணைத்துவிட்டு, டார்ச்சை ஓலையின் பக்கவாட்டில் படுக்கவைத்தமாதிரிப் பிடியுங்கள். மை போன எழுத்தின் கீறல்கூட அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டித் தெரியும். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். கயிற்றை அவிழ்க்கும் முன் ஒவ்வோர் ஏட்டுக்கும் துண்டுச்சீட்டில் பென்சிலால் எண் போட்டுக் கூடவே வையுங்கள். வரிசை கலைந்தால் கதையே போச்சு. தூசிக்கு மெல்லிய பிரஷ், ஓலை நார் ஓடும் திசையில் மட்டும். புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) பூசுவது தெரிந்தவர் கையால் நடக்கட்டும். நொறுங்கும் ஓலையை வளைக்கவே முயலாதீர்கள்.

1954 துப்பாக்கிச்சூட்டைப் பார்த்த பெரியவங்ககிட்ட பேசிப் பதிவு பண்ண ஆசை. எப்படி? (மார்த்தாண்டம் நூலக வாசகர் வட்டம்)

உடனே செய்யவேண்டிய வேலை இது ஒன்றுதான். 1954 ஆகஸ்ட் 11-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. ஓலையும் கல்வெட்டும் அடுத்த வருஷமும் இருக்கும்.

முதலில் ஒரு தெளிவு. புதுக்கடையிலும் மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் சுட்டது வெள்ளைக்காரன் போலீஸ் அல்ல. சுதந்திர இந்தியாவின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு, முதல்வர் பட்டம் தாணுபிள்ளை. நேசமணி தலைமையில் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்கள்மேல் நடந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சேர்ந்தன. நம் மாவட்டத்தில் ‘விடுதலை’ என்ற சொல்லுக்குக் கம்பெனி, ராஜா, மேல்சாதி, மொழி என்று நாலு எதிர்ப்பக்கம் உண்டு. எல்லாவற்றையும் 1947-க்குள் திணிக்காதீர்கள்.

பதிவுக்கு ஃபோனே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துண்டு மடித்து அதன்மேல் வையுங்கள். வெறும் மேஜைமேல் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடிமாதிரி விழும். மின்விசிறியை அணையுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடியில் முற்றத்தில் உட்காரவே உட்காராதீர்கள், காற்றைத் தவிர ஒன்றும் பதியாது. தொடங்கும்போது தேதி, இடம், பேசுகிறவர் சம்மதம் மூன்றையும் அவர் குரலிலேயே வாங்குங்கள். ஒரு நாளைக்கு 45 நிமிஷம் போதும்.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் குழம்பும். ‘யுத்த காலத்துல அரிசி கிடைக்காம மரச்சீனிக் கிழங்கு தின்னீங்களே, அதுக்கு முன்னயா பின்னயா?’ என்று கேளுங்கள். பெற்றோர் காலத்துக்கு ‘99 வெள்ளம்’ நல்ல குறி. கொல்லம் 1099, நம் 1924. ‘சுடும்போது பயமா இருந்துச்சா?’ என்று வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். ‘அன்னைக்குக் காலையில என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

தோள்சீலைப் போராட்டம் நாடகமாப் போட்டா பிரச்சினை வருமோ?

நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம் இது. பிழையாகப் போட்டால் வரும். மூன்று இடத்தில் கவனம். ஒன்று, மார்பை மறைக்க வரி கேட்டதாகச் சேர்த்தலைப் பக்கம் சொல்லப்படும் முலைவரிக் கதையை இதோடு கலக்காதீர்கள். இரண்டு, 1859 ஜூலை 26 விளம்பரத்தை முழு வெற்றியாகக் காட்டாதீர்கள். நாடார் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை) போடலாம், முரட்டுத் துணியை மீனவரான முக்குவப் பெண்கள் மாதிரிக் கட்டலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது என்றுதான் அதில் இருந்தது. மூன்று, சென்னை கவர்னர் டிரெவெலியனும் மிஷனரிகளும் இதில் பெண்கள் பக்கம் நின்றார்கள், திருவிதாங்கூர் சர்க்கார் எதிர்ப்பக்கம். ‘வெள்ளைக்காரன் கெட்டவன், ராஜா நல்லவர்’ என்ற அச்சு இங்கே உடைகிறது. உடையட்டும்.

மேடையில் யார் உடையிலும் கை வைக்கிற காட்சி வேண்டாம். ஒரு துணியை மட்டும் நடுவில் கொடியில் தொங்கவிட்டு, அதைச் சுற்றி வசனம் பேசவையுங்கள்.

உதயகிரி, பத்மநாபபுரம் சேர்த்து வரலாற்று நடை போகலாமா?

அருமையான வழி. 25 பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் பூங்கா வனத்துறையுடையது. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறைக்குச் சொந்தம். குழு அனுமதிக் கடிதத்தை நாகர்கோவிலுக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அது திருவனந்தபுரம் போகவேண்டும்.

காலையில் முதலில் கோட்டை. டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் எழுத்து இருக்கிறது. நீங்கள் விளக்காதீர்கள், ஒரு பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். குளச்சலில் பிடிபட்ட கைதி இந்த ராஜ்யத்துக்கே ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) ஆகி 1777-இல் இங்கேயே அடங்கினார் என்பது அந்தக் கல்லை வாசிக்கும்போதுதான் உறைக்கும். கோட்டையிலிருந்து தக்கலை வரை நெடுஞ்சாலையில் பிள்ளைகளை நடத்தாதீர்கள், வேன் பிடியுங்கள்.

வில்லுப்பாட்டா எழுதினா எடுபடுமா?

நம்ம பக்கத்தில் இதைவிட எடுபடுவது வேறில்லை. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்ற முறை இருக்கட்டும். 20 நிமிட நிகழ்ச்சியில் கதைக்கு முந்தியவை எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம் தாண்டக்கூடாது. வில்லுக்கே பத்தடி போய்விடும். மேடை அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

தேதியும் தொகையும் அண்ணாவி (தலைமைப் பாடகர்) பாட்டில் வரக்கூடாது, வாயில் நிற்காது. அவற்றைக் குடம் அடிக்கும் குடக்காரர் கேள்வியாக வையுங்கள். வேலுத்தம்பி கதையானால் இப்படி:

‘எட்டு லட்சமாண்ணே?’
‘ஆமா, வருஷா வருஷம்!’
‘நம்ம சக்கரத்துல எண்ணினா?’

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. ஆனால் கம்பெனி கேட்டது பிரிட்டிஷ் ரூபாய், அதற்கு இருபத்தெட்டரைச் சக்கரம். குடக்காரர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் மயங்கி விழலாம். அதற்கு எந்த ஊரிலும் சிரிப்பு வரும், கணக்கும் சரியாக இருக்கும்.

ஆரல்வாய்மொழி என்றதும் ஆடிக்காற்றைப் பாட்டில் கொண்டுவந்துவிடாதீர்கள். சண்டை நடந்தது தை முடிந்து மாசி பிறக்கிற சமயம்.