பழைய புத்தகக் கடை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

மதுரையில் சின்னதாக ஒரு பழைய புத்தகக் கடை நடத்துகிறேன். கடை போட நினைப்பவர்கள், வீட்டில் சேர்ந்த புத்தகங்களை என்ன செய்வதென்று தவிப்பவர்கள், சேகரிப்பவர்கள் எனப் பலரும் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, கையில் இரண்டு லட்ச ரூபாய் இருக்கிறது. பழைய புத்தகக் கடை போட்டால் சோறு போடுமா? (திண்டுக்கல்)

போடும் தம்பி, வாடகை அடக்கமாக இருந்தால். மெயின் ரோட்டுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தே பணத்தைத் தீர்த்துவிடாதீர்கள். சந்துக்குள் இருந்தாலும் தேடுபவர்கள் வந்துவிடுவார்கள். முதலில் பாதியையாவது புத்தகம் வாங்குவதற்கென்று தனியாக வையுங்கள். ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், நாலு மூட்டை புத்தகம் இருக்கிறது என்று போன் வந்தால் அன்றைக்கே ரொக்கத்தோடு போய் நிற்க வேண்டும். மறுநாள் போனால் எடைக்குப் போயிருக்கும்.

வாடகையைக் கட்டுவது இலக்கியம் அல்ல, பரீட்சைப் புத்தகங்கள்தான். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள் 2011-இல் வந்த பழைய சமச்சீர் புத்தகங்களை இன்றைக்கும் தேடி வருகிறார்கள். நீட் கைடுகள் வருஷா வருஷம் கைமாறும். பொறியியல் புத்தகம் வாங்கும்போது மட்டும் எந்த ரெகுலேஷன் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2017-க்குப் பிறகு 2021-இல் பாடத்திட்டத்தை மாற்றியது. பழைய பாடத்திட்டத்துக்கென்று உள்ளூர் ஆசிரியர்கள் எழுதிய ‘லோக்கல் ஆதர்’ புத்தகம் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்த வரும்படி ஓடினால்தான் நல்ல நாவலையும் பழைய பதிப்பையும் உரிய ஆள் வரும்வரை வைத்துக் காத்திருக்க முடியும்.

அப்பா காலமாகிவிட்டார். மூன்று பீரோ நிறையப் புத்தகங்கள். பழைய பேப்பர்காரர் கிலோவுக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா ஐயா? (தஞ்சாவூர்)

அம்மா, ஒரு வாரம் பொறுங்கள். முதலில் ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்துப் பாருங்கள். ரூபாய் நோட்டு, பத்திர நகல், கைக்கடிதம், கல்யாணப் போட்டோ என எல்லாம் பக்கங்களுக்கு நடுவே இருக்கும். கடைக்கு வந்த பிறகு நான் எடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன், ஆனால் எல்லாப் புத்தகமும் என்னைப் போன்றவர் கைக்கே வரும் என்பதற்கில்லை.

அடுத்து, பைண்டு செய்த தொடர்கதைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தவை வெளியே பார்க்க அழுக்காக இருக்கும், முதலில் எடைக்குப் போவதும் அவைதான். ‘பொன்னியின் செல்வன்’ இன்று எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் மணியம் ஓவியங்களோடு வந்த அந்தப் பக்கங்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். கோபுலு, சில்பி வரைந்த பழைய தீபாவளி மலர்களும் அப்படித்தான். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்கள், மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்கள் இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். சோவியத் யூனியன் 1991-இல் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது.

என்ன விலை எதிர்பார்க்கலாம்? நான் விற்க நினைக்கும் விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கொடுப்பேன். உடனே விற்றுவிடும் என்றால் பாதி. கலைக்களஞ்சியம், பழைய கம்ப்யூட்டர் புத்தகம், இயர்புக் ஆகியவற்றை நாங்கள் வாங்குவதே அபூர்வம். எந்தக் கடைக்காரராவது எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை சொன்னால், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் வெளியான ஆண்டு இருப்பதில்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? (கோயம்புத்தூர்)

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் தமிழ் வருடத்தைப் பாருங்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். ‘விகாரி’ என்று போட்டிருந்தால் சித்திரைக் கணக்கில் 1899, 1959, 2019 ஆகியவற்றில் ஒன்று. தாளைத் தொட்டாலே எது என்று தெரிந்துவிடும். பிறகு விலை. ரூபாய், அணா என்றிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ என்றிருந்தால் நயா பைசா காலம், 1957 முதல் 1964 வரை. பதிப்பகத்தின் முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

எழுத்தும் காட்டிக்கொடுக்கும். லை, ளை, ணை, னை எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. அரசாணைக்குப் பிறகும் பழைய அச்சை வைத்தே ஓட்டிய அச்சகங்கள் உண்டு. மறுபக்கம், பெரியார் 1935-லிருந்தே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். பக்கத்தின் பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து அழுந்திய தடம் தட்டுப்பட்டால் ஈய எழுத்தில் கோத்து அடித்தது, பின்னால் பரவிய ஆஃப்செட் அச்சு அல்ல.

முன்னுரையின் கீழே உள்ள தேதியைப் பார்த்து முதல் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்தாம் பதிப்பிலும் முதல் பதிப்பின் முன்னுரையை அப்படியே போடுவார்கள்.

ஜி.எஸ்.டி., லைசென்ஸ்? (சேலம்)

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. புத்தகம் மட்டும் விற்றால் பதிவும் வேண்டியதில்லை. பேனா, பை, பொம்மை என்று சேர்த்தால் கணக்கு மாறும்; ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம் வாங்கிவிடுங்கள்.

பழைய புத்தகத்தை விற்பது பதிப்பாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா? (சென்னை)

இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஏற்கெனவே விற்றுப் புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியை மறுபடி விற்கலாம். துரோகம் என்றால் அது திருட்டுப் பதிப்பு. மங்கிய அச்சும் கோணல் மாணலாக வெட்டிய ஓரமுமாக நடைபாதையில் குவிந்து கிடக்கிறதே, அது. தெரிந்தே விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, அபராதம் 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம்வரை. சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் தொட மாட்டேன். எழுதியவருக்குப் போக வேண்டிய காசு அது. நூலக முத்திரை இருந்து, கழித்துவிட்டதற்கான முத்திரை இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.

அண்ணாச்சி, மழைக்காலத்தில் பூஞ்சை, ராமபாணப் பூச்சி. என்னதான் செய்வது? (தூத்துக்குடி)

ரேக்கைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், அரை அடியாவது விடுங்கள். கீழ்த்தட்டு தரையில் பட வேண்டாம். புதிதாக வரும் மூட்டையை நேராக அலமாரியில் ஏற்றாமல் சில நாள் தனியே வையுங்கள். பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் செத்துவிடும். வசம்பை நசுக்கித் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைக்கலாம். அந்துருண்டை வேண்டாம், நாள் முழுக்க அந்த நெடியில் உட்காரப்போவது நீங்கள்தான்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப் போட்டால் தாள் சுருங்கி முதுகு விட்டுப்போகும். நிமிர்த்தி, லேசாக விரித்து, ஃபேன் காற்றில் விடுங்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். பைண்டர்கள் மயில்துத்தம் கலந்து காய்ச்சும் பசையைப் பூச்சி அண்டாது. அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வெளியூருக்கு அனுப்பத் தபால்செலவு கட்டுப்படியாகவில்லையே? (ஈரோடு)

பதிவு புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றதிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அடிதான். 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று அஞ்சல் துறையின் ‘ஞான் போஸ்ட்’ சேவை வந்தது. தொடங்கும்போது 300 கிராம்வரை 20 ரூபாய், ஐந்து கிலோவரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், மெதுவாகச் சேரும். இதழ்களையும் விளம்பரம் நிறைந்த வெளியீடுகளையும் ஏற்க மாட்டார்கள். பார்சல் கட்டுமுன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

மிக அரிய பிரதி கிடைத்தால் விற்பீர்களா, நூலகத்துக்குக் கொடுப்பீர்களா? (காரைக்குடி)

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர்தான் ரோஜா முத்தையா. அவர் தேடித் தேடிச் சேர்த்ததுதான் இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. பழைய பிரதி கைக்கு வந்தால் இந்த இரண்டிலும் இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பேன். இருந்தால் நிம்மதியாகச் சேகரிப்பாளருக்கு விற்றுவிடுவேன். இல்லையென்றால், வாங்குபவரிடம் ஒரு நிபந்தனை: நூலகத்தார் ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்க மாட்டேன் என்பவருக்கு அந்தப் பிரதியைக் கொடுப்பதில்லை, எவ்வளவு விலை சொன்னாலும்.