பட்டியலில் 28, வீதியில் 18

வணக்கம். உங்கள் யப்பான் சின்னக் காருக்கு லீற்றருக்கு 28 கிலோமீற்றர் என்று சொன்னார்கள், திருநெல்வேலி–யாழ் நகர் ஓட்டத்தில் 18தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு எஞ்சினைக் கழற்ற விடாதீர்கள்.

அந்த 28, எரிபொருள் சிக்கனத்தை அளக்க யப்பானில் முன்பு நடத்திய ஜேசி08 சோதனையின் எண். வீதியில் அல்ல, ஆய்வுகூடத்தில் சுழலும் உருளைகளின் மேல் 8 கிலோமீற்றர் அளவில், ஏசி இல்லாமல் ஓட்டி எடுத்தது. சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர்தான். கால்வாசி நேரத்துக்கு மேல் வண்டி நின்றபடியே இருக்கும். நிற்கும்போது எஞ்சின் தானாக அணையும் வசதிக்கு அங்கே நல்ல பலன், அதனால் கம்பனிகள் அதை விரும்பிப் பொருத்தின. எங்கள் வெயிலில் ஏசி போட்டால் எஞ்சின் அணைவதே குறைவு.

சரி, முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம் டாங்கியை நிரப்பி, கிளிநொச்சி போய்வந்து, திரும்ப நிரப்பிக் கணக்கிடுங்கள். அதிலும் 18ஐத் தாண்டாவிட்டால் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.