ஓடுகிற வொர்க்ஃப்ளோவை ஏபிஐ வழியாக நிறுத்துவது: கேள்வி பதில்

வொர்க்ஃப்ளோவை, அதாவது தானாக அடுத்தடுத்து ஓடும் வேலைகளின் தொடரை, ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு சேவையிடம் வேலை சொல்லும் வழி) மூலம் தொடங்குவது எப்படி என்று எல்லோரும் முதல் நாளே படித்துவிடுகிறோம். ஓடுவதை நிறுத்துவது எப்படி என்று, தப்பான ஒன்று ஓடத் தொடங்கிய பிறகுதான் தேடுகிறோம். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த நேரத்து அவசரத்தில் எழுதியவை போல இருந்தன. நான் தினமும் கை வைக்கிற கருவிகளைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பின் வொர்க்ஃப்ளோ சேவை) ஒரு ரன்னை (வொர்க்ஃப்ளோவின் ஒரு ஓட்டம்) நிறுத்த கேன்சல் ஏபிஐக்கு போஸ்ட் (ஒன்றைச் செய்யச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினேன். 202 வந்தது. ஆனால் ரன் அதற்கப்புறமும் ஓடிக்கொண்டே இருந்தது. ஏபிஐயில் கோளாறா சார்?

கோளாறு இல்லை. 202 என்றால் "நின்றுவிட்டது" என்று அர்த்தமில்லை. "சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்" என்றுதான் அர்த்தம். அங்கிருந்து உண்மையில் நிற்கும்வரை நடப்பதைப் பார்த்தால் தாமதம் ஏன் என்று புரியும்.

முதலில் சர்வர், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஜாப்பின் (ரன்னுக்குள் இருக்கும் தனி வேலை) இஃப் நிபந்தனையையும், அதாவது எப்போது ஓட வேண்டும் என்று நாம் எழுதிவைத்ததை, மறுபடி கணக்கிடுகிறது. நிபந்தனை உண்மை என்று வந்தால் அந்த ஜாப் தொடரும். நிற்க வேண்டிய ஜாப்களை ஓட்டும் இயந்திரமான ரன்னருக்குச் செய்தி போகும். ரன்னர், ஜாப்பில் அப்போது ஓடும் ஸ்டெப்பின் முதல் புராசஸுக்கு சிக்இன்ட் என்ற சிக்னலை அனுப்பும், அதாவது நீங்கள் கீபோர்டில் கன்ட்ரோல் சி அடிப்பது போல. 7.5 வினாடி காத்திருக்கும். அடங்காவிட்டால் சிக்டெர்ம் என்ற அடுத்த சிக்னல், இன்னொரு 2.5 வினாடி. அதற்கும் மசியாவிட்டால் புராசஸ்களை மொத்தமாகக் கொன்றுவிடும். இவ்வளவுக்கும் நிற்காததை 5 நிமிடம் கழித்து சர்வரே வலுக்கட்டாயமாக முடித்துவைக்கும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் அந்த "முதல் புராசஸ்". ரன் ஸ்டெப்பில் முதல் புராசஸ் என்பது கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ், உங்கள் நிரல் அல்ல. பாஷில் சிக்னலுக்கு டிராப் (சிக்னல் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளை) வைத்திருந்தாலும், முன்னால் ஓடும் நிரல் முடிந்த பிறகுதான் அது வேலை செய்யும். அதற்குள் பத்து வினாடி கடந்து எல்லாமே கொல்லப்பட்டிருக்கும். துப்புரவு வேலை செய்ய வேண்டிய நிரலாக இருந்தால் ஸ்டெப்பின் கடைசி வரியில் அதை எக்ஸெக் போட்டுக் கூப்பிடுங்கள். பாஷின் இடத்தில் உங்கள் நிரலே உட்கார்ந்துவிடும், சிக்னலும் நேராக அதற்கே போகும்.

நின்றதா என்பதை அறிய, அதே ரன்னை கெட் (விவரம் கேட்கும் கோரிக்கை) மூலம் சில வினாடிக்கு ஒருமுறை கேளுங்கள். நிலை கம்ப்ளீட்டட், முடிவு கேன்சல்டு என்று இரண்டும் வந்த பிறகு நின்றதாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு சக்ஸஸ் என்றும் வரலாம். உங்கள் கோரிக்கை போய்ச் சேர்வதற்குள் வேலையே முடிந்திருக்கும்.

கேள்வி: எங்களுடைய ஒரு ஜாப் மட்டும் எத்தனை முறை கேன்சல் செய்தாலும் நிற்பதில்லை. இஃப்பில் ஆல்வேஸ் போட்டிருக்கிறோம். அதனாலா?

அதனாலேதான். ஆல்வேஸ் என்று எழுதினால், கேன்சல் ஆனாலும் ஓடு என்று நீங்களே சொல்லிவைத்த மாதிரி. "முந்தைய ஜாப் தோற்றாலும் இது ஓடட்டும், ஆனால் யாராவது நிறுத்தினால் நிற்கட்டும்" என்பதுதான் பெரும்பாலும் நமக்கு வேண்டியது. அதற்குக் கேன்சல்டு என்ற செயற்கூறின் முன்னால் ஆச்சரியக்குறி போட்டு எழுத வேண்டும்.

இப்போதே நிறுத்தியாக வேண்டும் என்றால் ஃபோர்ஸ் கேன்சல் என்று தனியாக ஒரு முகவரி இருக்கிறது. கேன்சலுக்கு அனுப்பும் அதே போஸ்ட்தான், கடைசிச் சொல் மட்டும் மாறும். அது ஆல்வேஸையும் மதிக்காது. சாதாரணக் கேன்சல் பலிக்காதபோது மட்டும் அதைத் தொடுங்கள். எடுத்தவுடன் அதையே ஸ்கிரிப்டில் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தற்காலிக சர்வர்களை அழிக்கும் கடைசி ஸ்டெப்பும் சேர்ந்து செத்துப்போக, பில் வந்த பிறகு முழிப்பார்கள்.

கேள்வி: கேன்சல் அனுப்பினால் 404 (அப்படி ஒன்று இல்லை) வருகிறது. ரன் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது!

இரண்டில் ஒன்று. திரையில் ரன் பெயருக்குப் பக்கத்தில் # போட்டுத் தெரியும் சின்ன எண்ணை அனுப்பியிருப்பீர்கள். அது ரன் நம்பர், வொர்க்ஃப்ளோ எத்தனையாவது முறையாக ஓடுகிறது என்பதைச் சொல்வது. ஏபிஐ கேட்பது ரன் ஐடி, முகவரிப் பட்டையில் தெரியும் நீளமான எண். ரன்னுக்கு உள்ளிருந்தே வேண்டுமென்றால் கிட்ஹப் ரன் ஐடி என்ற சூழல் மாறியில் இருக்கும்.

எண் சரி என்றால் டோக்கனை, அதாவது கோரிக்கையோடு அனுப்பும் அனுமதிச் சாவியை, பாருங்கள். தனியார் ரெப்போவுக்கு (நிரல் களஞ்சியம்) உரிமை இல்லாத டோக்கனோடு போனால் கிட்ஹப் 403 (அனுமதி இல்லை) சொல்லாமல் 404 சொல்லும். அப்படி ஒரு ரெப்போ இருப்பதையே வெளியே காட்டக்கூடாது என்பதற்காக. டோக்கனில் ஆக்ஷன்ஸுக்கு எழுதும் அனுமதி வேண்டும்; படிக்கும் அனுமதி போதாது.

கேள்வி: 409 வந்தால்?

இந்த ரன்னை இப்போதைய நிலையில் கேன்சல் செய்ய முடியாது என்று அர்த்தம். பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஸ்கிரிப்டில் இதைப் பிழையாக எண்ணிக் கூச்சல் போட வேண்டாம். நிலையை ஒருமுறை கேட்டு, முடிந்திருந்தால் அடுத்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி: ஏடபிள்யூஎஸ் ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் (அமேசான் கிளவுடின் வொர்க்ஃப்ளோ சேவை) ஸ்டாப் எக்ஸிகியூஷன் கொடுத்தேன், அபார்ட்டட் (நிறுத்தப்பட்டது) என்று உடனே காட்டியது. அப்படியானால் அது கிட்ஹப் மாதிரி இழுக்காது, சரிதானே அண்ணா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதில் நானே சூடுபட்டிருக்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் வொர்க்ஃப்ளோ பழைய பட்டியலோடு ஓடத் தொடங்கிவிட்டது. நிறுத்தியது நான்தான். அபார்ட்டட் என்று திரையில் வந்ததுமே, "நிறுத்தியாச்சு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டே இருந்தன. நின்றது ஸ்டெப் ஃபங்ஷன்; அது கூப்பிட்டு விட்டிருந்த லாம்ப்டா (அமேசான் கிளவுடில் தனியாக ஓடும் சிறு நிரல்) நிற்கவில்லை. மேலே ஆள் போனதே தெரியாமல் அது தன் லூப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு லாம்ப்டா அதிகபட்சம் 15 நிமிடம் ஓடலாம். அந்த 15 நிமிடத்தில் நிறைய மின்னஞ்சல் அனுப்பலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆக, உடனே அபார்ட்டட் என்று காட்டுவதால் வேலை நின்றதாக ஆகாது. அடுத்த ஸ்டெப்புக்குப் போகாது, அவ்வளவுதான். சிங்க் முறையில் (முடியும்வரை காத்திருந்து) கூப்பிடும் வேலைகளை, உதாரணமாக ஏடபிள்யூஎஸ் பேட்ச் சேவையின் ஜாப்பை, ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் தன்னால் முடிந்தவரை கேன்சல் செய்து பார்க்கும். அதற்கும் உரிய அனுமதிகள் அதன் ரோலில் (அனுமதிகளின் தொகுப்பு) இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லாம்ப்டாவுக்கு அந்த வசதி இல்லை.

அன்றைக்கு எனக்குத் தோன்றாத வழி இது: லாம்ப்டாவின் ரோலிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் அனுமதியைப் பிடுங்கிவிடுவது. அனுமதி ஒவ்வொரு அழைப்பின்போதும் சரிபார்க்கப்படுவதால், சிறிது நேரத்திலேயே அனுப்பும் முயற்சிகள் தோற்க ஆரம்பிக்கும். ஒதுக்கிய கன்கரன்சியை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற எண்ணிக்கையை, பூஜ்யம் ஆக்குவதையும் சிலர் சொல்வார்கள். அது புதிதாகக் கூப்பிடுவதைத் தடுக்கும். ஏற்கெனவே ஓடுவதை ஒன்றும் செய்யாது. நிரந்தரத் தீர்வு, லூப்புக்குள் ஐம்பது மின்னஞ்சலுக்கு ஒருமுறை "நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா" என்று ஒரு கொடியைப் பார்க்கவைப்பது.

இன்னும் இரண்டு விஷயம். எக்ஸ்பிரஸ் வகை ஸ்டேட் மெஷினுக்கு (ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் வொர்க்ஃப்ளோவின் பெயர்) ஸ்டாப் எக்ஸிகியூஷன் கிடையாது, ஸ்டாண்டர்டுக்கு மட்டும்தான். அப்புறம், அந்த ஏபிஐயில் எரர் (பிழை), காஸ் (காரணம்) என்று இரண்டு புலங்கள் உண்டு. கட்டாயமில்லை என்பதால் யாரும் நிரப்புவதில்லை. நிரப்புங்கள், யார் நிறுத்தியது, எதற்கு என்று மறுநாள் காலையில் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்காது.

கேள்வி: ஏர்ஃப்ளோ (வொர்க்ஃப்ளோக்களை ஓட்டும் இன்னொரு கருவி) ஏபிஐயில் ஸ்டாப் என்று எதையும் காணோம். டேகை (அங்கே வொர்க்ஃப்ளோவின் பெயர்) பாஸ் (இடைநிறுத்தம்) செய்தால் போதுமா?

போதாது. பாஸ் செய்தால் புது ரன்கள் தொடங்காது, ஓடும் ரன்னில் அடுத்த டாஸ்க்குகள் கிளம்பாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க் முடியும்வரை ஓடும். திரும்பப் பாஸை எடுத்தீர்களானால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுத்திவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போனவருக்கு இது நல்ல செய்தியல்ல.

ஏர்ஃப்ளோவில் நிறுத்துவது என்றால் அந்த டேக் ரன்னுக்கு பேட்ச் (இருப்பதைத் திருத்தும் கோரிக்கை) அனுப்பி அதன் நிலையை ஃபெயில்டு என்று மாற்றுவதுதான். ஓடும் டாஸ்க், தன் நிலை மாறிவிட்டதை அடுத்த ஹார்ட்பீட்டின்போது (இன்னும் ஓடுகிறேன் என்று அவ்வப்போது அனுப்பும் செய்தி) கவனித்து சிக்டெர்ம் வாங்கிக்கொள்ளும். அடங்குவதற்கு இயல்பாக 60 வினாடி அவகாசம்.

ஆனால் டாஸ்க் வேறொரு கிளஸ்டரில் (இயந்திரக் கூட்டம்) ஸ்பார்க் என்ற தரவுக் கருவியின் வேலை ஒன்றைக் கிளப்பிவிட்டு அதற்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பவர் செத்துவிடுவார், வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் என்ன செய்யும் என்று எழுதிய ஆபரேட்டரில் ஆன் கில் என்ற முறை எழுதப்பட்டிருந்தால்தான் அந்தத் தொலைதூர வேலையும் நிறுத்தப்படும். நீங்களே எழுதிய ஆபரேட்டர்களில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். லாம்ப்டா கதையேதான், ஊர் மட்டும் வேறு.

கேள்வி: கேன்சல், ஸ்டாப், டெர்மினேட், கில்... எல்லாம் ஒன்றுதானா?

வொர்க்ஃப்ளோ ஓட்டும் கருவிக்குக் கருவி மாறும். ஆர்கோவில் ஸ்டாப் கொடுத்தால் எக்ஸிட் ஹேண்ட்லர் (முடியும்போது ஓட வேண்டிய வேலை) ஓடும், டெர்மினேட் கொடுத்தால் ஓடாது. டெம்போரலில் கேன்சல் என்பது கோரிக்கை. வொர்க்ஃப்ளோ நிரல் அதைக் கவனித்துத் துப்புரவு செய்துவிட்டு முடியலாம். டெர்மினேட்டில் நிரலுக்குப் பேச வாய்ப்பே இல்லை. டெம்போரலில் நீண்ட நேரம் ஓடும் ஆக்டிவிட்டி (வொர்க்ஃப்ளோ கூப்பிடும் ஒரு வேலை) ஹார்ட்பீட் அனுப்பாவிட்டால், கேன்சல் ஆன செய்தி அதற்குப் போய்ச் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜென்கின்ஸில் மூன்று படி: ஸ்டாப், டெர்ம், கில். ஒன்றுக்குப் பணியாவிட்டால் அடுத்தது, அந்த வரிசையில்தான்.

கேள்வி: தப்பான டிரிகர் ஒன்றால் ஒரே ரெப்போவில் 300 ரன்கள் கிளம்பிவிட்டன. ஸ்கிரிப்ட் எழுதி நிறுத்தினேன், நிறுத்த நிறுத்தப் புதிதாக வந்துகொண்டே இருந்தன.

குழாயை மூடாமல் தரையைத் துடைத்திருக்கிறீர்கள். முதலில் வொர்க்ஃப்ளோவையே டிஸேபிள் செய்யுங்கள், அதற்கும் ஏபிஐ இருக்கிறது, ஒரு புட் அழைப்பு. பிறகு நிலை க்யூடு (வரிசையில் காத்திருப்பவை), இன் பிராக்ரஸ் (ஓடுபவை) என்று இரண்டுக்கும் தனித்தனியாகப் பட்டியல் எடுங்கள். க்யூவை விட்டுவிட்டால் அவை பின்னால் கிளம்பிவரும். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 வரும். அடுத்த பக்கங்களைக் கேட்க மறப்பது சகஜம். எல்லா ஐடிகளையும் முதலில் சேர்த்து வைத்துக்கொண்டு அப்புறம் நிறுத்துங்கள். நிறுத்திக்கொண்டே பக்கம் புரட்டினால் பட்டியல் நகர்ந்து பாதி கண்ணில் படாமல் போகும். எழுதும் அழைப்புகளைச் சரமாரியாக அனுப்பினால் கிட்ஹப் தடுத்துவிடும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வினாடி விடுங்கள்.

கேள்வி: நாங்களே ஒரு வொர்க்ஃப்ளோ எஞ்சின் எழுதுகிறோம். நிறுத்தும் ஏபிஐக்கு டிலீட் வைப்பதா, போஸ்ட்டா?

போஸ்ட். டிலீட் என்றால் ரன்னின் வரலாறே அழியும் என்று எதிர்பார்ப்பார்கள். நமக்கு அந்த வரலாறு வேண்டும். அதைவிட முக்கியம், ஓடுகிறது என்பதற்கும் நின்றது என்பதற்கும் நடுவில் "நின்றுகொண்டிருக்கிறது" என்று ஒரு நிலையை வைப்பது. மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸில் பில்டை (அங்கே ஒரு ரன்) நிறுத்துவதே அப்படித்தான். பேட்சில் நிலையை கேன்சலிங் என்று எழுதி அனுப்புகிறோம். அந்த இடைநிலை இல்லாத எஞ்சின், ஒன்று பொய் சொல்லும், அல்லது அழைப்பு முடியும்வரை உங்களைக் காத்திருக்கவைக்கும். ஒரே ரன்னுக்கு இரண்டாம் முறை கேன்சல் வந்தால் அதையும் அமைதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். பதற்றத்தில் இருப்பவர் இரண்டு தரம் அழுத்துவார்.

கேள்வி: டெர்ராஃபார்ம் (சர்வர், டேட்டாபேஸ் போன்றவற்றை நிரல் மூலம் உருவாக்கும் கருவி) அப்ளை ஓடும்போது பைப்லைனைக் கேன்சல் செய்தேன். அதற்கப்புறம் ஸ்டேட் (உருவாக்கியவற்றின் பதிவேடு) லாக் ஆகிவிட்டது என்கிறது. என்ன செய்வது?

சிக்இன்ட் வந்ததும் டெர்ராஃபார்ம் கையில் இருக்கும் வேலையை முடித்து, ஸ்டேட்டை எழுதி, லாக்கை விடுவித்துவிட்டுத்தான் கிளம்பும். அதுவும் சிக்னல் அதனிடம் போய்ச் சேர்ந்தால்தான். ஒரு டேட்டாபேஸ் உருவாகப் பல நிமிடம் பிடிக்கும். ரன்னர் தருவதோ பத்து வினாடி. பாதியில் கொல்லப்பட்டிருக்கிறது.

வேறு யாரும் அப்ளை ஓட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிழைச் செய்தியில் இருக்கும் லாக் ஐடியை ஃபோர்ஸ் அன்லாக்குக்குக் கொடுங்கள். பிறகு பிளான் (என்ன மாறும் என்று காட்டும் கட்டளை) ஓட்டி, உருவாகியும் ஸ்டேட்டில் பதியாமல் போன பொருள்கள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் இம்போர்ட் செய்து ஸ்டேட்டில் சேருங்கள். இனிமேல் அப்ளை ஜாப்பை மட்டும் தனி கன்கரன்சி குழுவில் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஓடும் குழு) போட்டு, கேன்சல் இன் பிராக்ரஸை ஃபால்ஸ் என்று வையுங்கள். புதிதாகத் தள்ளிய கமிட், ஓடும் அப்ளையின் கழுத்தை நெரிக்காது.

கேள்வி: கடைசியாக ஒன்று. ரன்னை விட்டுவிட்டு, அதிலுள்ள ஒரே ஒரு ஜாப்பை மட்டும் நிறுத்த முடியுமா?

கிட்ஹப் போன்ற இன்னொரு சேவையான கிட்லேப்பில் முடியும், ஜாப் ஐடிக்கே கேன்சல் போஸ்ட் அனுப்பலாம். கிட்ஹப்பின் கேன்சல் ஏபிஐ ரன் முழுவதற்குமானது. அங்கே ஜாப்பைத் தனியாகக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் டைம்அவுட் மினிட்ஸ் (ஜாப் ஓடலாம் என்ற அதிகபட்ச நேரம்) வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் இயல்பான அளவு 360 நிமிடம்.