மகள் இத்தாலிய இலக்கியமும் சினிமாவும் படிக்கப் போகிறாளா?

வணக்கம் அம்மா. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடிக்கப்போகும் மகள், முதுகலைக்கு இத்தாலி போய் நவீன இலக்கியமும் சினிமாவும் படிக்கிறேன் என்கிறாள், "படம் பார்க்க ஒரு பட்டமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், அனுப்பலாமா என்று எழுதியிருந்தீர்கள். அனுப்பலாம். ஆனால் இந்த வருடம் வேண்டாம். ஒரு வருடம் முழுக்க அவள் இத்தாலியன் மட்டும் படிக்கட்டும், அப்புறம் போகட்டும்.

இந்தத் துறையில் முதுகலை வகுப்புகள் பெரும்பாலும் இத்தாலியனில்தான் நடக்கின்றன. சேர்வதற்குப் பொதுவாக பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித் தர அளவில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான நிலை, கேட்பார்கள். அது வாசலைத் தாண்டத்தான் போதும். அங்கே தேர்வு பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்திருப்பார், பின்னால் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு நாவலின் பகுதியைக் காட்டி, இது ஏன் இப்படி எழுதப்பட்டது என்பார். பதில் சொன்னால் அதிலிருந்தே அடுத்த கேள்வி வரும். மதிப்பெண் 30-க்கு, 18 எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி தேர்வுக்கு வரும் வழக்கமும் உண்டு. நம் பிள்ளைகள் எழுத்துத் தேர்வில் கெட்டிக்காரர்கள். அந்நிய மொழியில் வாதாடுவதுதான் இங்கே சோதனை.

சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இத்தாலிய எழுத்தாளர் வெர்காவின் 'மலவோல்யா குடும்பம்' என்ற நாவல் 1881-இல் வந்தது, சிசிலியில் ஆச்சி ட்ரெட்ஸா என்ற மீனவ ஊரின் கதை. இயக்குநர் விஸ்கோன்தி அதை எடுத்துக்கொண்டு, அதே ஊருக்குப் போய், அந்த ஊர் மீனவர்களையே நடிக்க வைத்து 1948-இல் படமாக்கினார். அவர்கள் பேசியது சிசிலிய மொழி, அதனால் இத்தாலியனில் ஒரு விளக்கக் குரல் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த ஒரு படத்தைப் படிக்க நாவல், தெற்கு இத்தாலியின் வறுமை, போருக்குப் பிந்தைய அரசியல், மொழிப் பிரச்சினை எல்லாமே தேவை. பசோலினி கவிஞர், நாவலாசிரியர், இயக்குநர், மூன்றும்தான். மொராவியா நாவல் எழுதிக்கொண்டே பல வருடம் சினிமா விமர்சனமும் எழுதினார். அந்த நாட்டில் இலக்கியத்தையும் சினிமாவையும் சேர்த்துப் படிப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகளின் தேர்வு சரியானதுதான்.

எங்கே படிப்பது? ரோமும் தூரினும் நல்ல இடங்கள். நான் போலோன்யாவைச் சொல்வேன், காரணம் பல்கலைக்கழகம் மட்டும் இல்லை. அதே ஊரில் சினெதெகா என்ற திரைப்பட ஆவணக் காப்பகமும், பழைய படங்களை மீட்டெடுக்கும் கூடமும் இருக்கின்றன. கிழிந்த ஃபிலிமை ஒட்டி, ஓரத்துத் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்து, ஸ்கேன் எடுத்து, கீறல்களை ஃபிரேம் ஃபிரேமாக நீக்குவார்கள். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் நடனக் கலைஞர் உதய் சங்கர் எடுத்து 1948-இல் வெளிவந்த 'கல்பனா' அங்கேதான் மீட்கப்பட்டது. கோடையில் மீட்டெடுத்த படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது, இரவில் பெரிய சதுக்கத்தில் திரை கட்டிப் போடுகிறார்கள். அந்த வட்டாரத்தில் இரண்டு வருடம் இருப்பவளுக்குப் பாடப்புத்தகம் தராத பழக்கமும் அறிமுகமும் கிடைக்கும்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். பட்டம் வாங்கியதும் கேம்பஸ் இன்டர்வியூ வந்து யாரும் அழைத்துப் போக மாட்டார்கள். கல்லூரிப் பேராசிரியர் வேலையை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள், இடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்கு அங்கே போட்டி வைத்து உதவித்தொகையோடு எடுப்பார்கள், போட்டி கடுமை. ஆனால் இத்தாலியன், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நன்றாக எழுதத் தெரிந்த ஆள் அபூர்வம். சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம், திரைப்பட விழா அமைப்பு, இத்தாலிய நிறுவனங்களின் மொழி சார்ந்த வேலைகள், மொழி கற்பித்தல் என்று வழிகள் இருக்கின்றன. முதல் சில வருடம் வருமானம் ஏறி இறங்கித்தான் வரும், அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும்.

பணம்: அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைவு என்றால் இத்தாலியின் அந்தந்த மாநில அமைப்பின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமானம், சொத்துச் சான்றிதழ்கள் மொழிபெயர்ப்போடு, அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு வைக்கும் முத்திரை) வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் தொடங்கும் இந்த வேலைக்கு மாதங்கள் பிடிக்கும், இப்போதே ஆரம்பியுங்கள். படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி உண்டு, ஆனால் அதை வைத்து வாடகைக் கணக்குப் போடாதீர்கள். போலோன்யாவில் அறை கிடைப்பது பெரிய பாடு. சேர்க்கை உறுதியான அன்றே தேட ஆரம்பிக்கச் சொல்லுங்கள், நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

ஆறு மாதம் மொழி வகுப்பு முடிந்ததும் ஒரு இத்தாலியச் சிறுகதையை அவளிடம் கொடுங்கள். அகராதியோடு உட்கார்ந்து, அதைப் பற்றி இரண்டு பக்கம் இத்தாலியனிலேயே எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம்.