ஒடேசாவுக்கு நான்கு நாள் பயணம்: போகலாமா?

கேள்வி: புக்காரெஸ்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் ஒடேசாக்காரர், அங்கே தன் பெற்றோர் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று கூப்பிடுகிறார். விமானம் உண்டா? அக்கம்பக்கத்தில் எதைப் பார்க்கலாம்?

பதில்: ஊர் சுற்றத்தான் என்றால், போர் ஓயட்டும் என்பேன். உக்ரைனின் துறைமுக நகரம் என்பதால் ஒடேசாவைத் தேடி ரஷ்ய ஏவுகணைகளும் ட்ரோன்களும் வருகின்றன. 2023 ஜூலையில் அதன் பெரிய தேவாலயமே சிதைந்தது. பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் போரால் வரும் பாதிப்புக்குப் பணம் தருவதில்லை. பாலிசியின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, அப்புறம் நண்பருக்குப் பதில் சொல்லுங்கள்.

போவதென்றே முடிவு செய்தால், விமானத்தை மறந்துவிடுங்கள். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் பறப்பதில்லை. மால்டோவாவின் கிஷினாவுக்குப் போய், அங்கிருந்து பலாங்கா எல்லை வழியாகப் பேருந்தில் போகலாம். தூரம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர்தான், ஆனால் எல்லை வரிசையில் எவ்வளவு நேரம் போகும் என்று கணிக்க முடியாது. இரவில் ஊரடங்கு உண்டு; ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். இரண்டு நாட்டு விசா விதிகளையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் நடந்தே பார்க்கலாம். பொட்டெம்கின் படிக்கட்டில் 192 படிகள். கீழே அகலம், மேலே குறுகல். உச்சியில் நின்று பார்த்தால் படிகளே தெரியாது, இடையிலுள்ள தளங்கள் மட்டும் தெரியும். அடியில் நின்றால் படிகள் மட்டும்தான். கீழே துறைமுகம் இருப்பதால் கேமராவைத் தூக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடி, மின் நிலையம் பக்கம் அதை எடுக்கவே வேண்டாம். 1887இல் கட்டிய ஓபரா அரங்கமும் பிரிவோஸ் சந்தையும் தவறவிடக் கூடாதவை. எனக்கு ஓபராவை விட சந்தைதான் பிடிக்கும். காய்ந்த மீனும் வெண்ணெய்க்கட்டியும் பேரமுமாக ஊரின் வாய்மொழி அங்கேதான் கேட்கும்.

நகரத்துக்கான சுண்ணாம்புக் கற்களை வெட்டியெடுத்ததால் உண்டான சுரங்கப் பாதைகள் அடியில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் நீள்கின்றன. யாராவது “தெரிந்த வழி” என்று கூட்டிப்போனால் போகாதீர்கள். நெருபய்ஸ்கே கிராமத்தில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அது திறந்திருந்தால் வழிகாட்டியோடு இறங்கலாம்.

வெளியே ஒரு நாள் போக முடிந்தால் பில்ஹொரொத்-னிஸ்த்ரோவ்ஸ்கி என்ற ஊருக்குப் போகலாம். 1484இல் உஸ்மானியத் துருக்கியர் பிடித்த அக்கெர்மன் கோட்டை அங்கே நீர்ப்பரப்பின் ஓரத்தில் நிற்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போகும் பாலங்கள் பலமுறை தாக்கப்பட்டவை. அன்றைய நிலவரத்தை நண்பரின் அப்பாவிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தன்யூப் முகத்துவாரத்து வில்கோவேயின் வாய்க்கால் தெருக்கள் அழகுதான். எல்லைப் பகுதி என்பதால் இந்த முறை விட்டுவிடலாம்.

கண்ணிவெடி இருக்கலாம் என்பதால், திறந்துவிட்ட கடற்கரை தவிர வேறெங்கும் மணலில் கால் வைக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும், காபிக்கு முன்பே, பதுங்கறை எங்கே என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.